பிளான் சாரின் காலேஜ்

ரோட்டோரப் புளியமரங்கள் தார்ச்சாலையின் குறுக்கே படுத்துக் கிடந்த அந்த வருஷத்தை நம் வயதுக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் விழுப்புரத்தில் இருந்தாலும் பண்ருட்டியில் இருந்தாலும் உங்கள் ஊருக்கும் ஒரு வாரம் பஸ் வந்திருக்காது. வன்னியர்கள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நமக்கு அது ஸ்கூல் லீவு. இப்போது மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து பேசும்போது, ஆளாளுக்கு அந்த வாரத்தைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை சைக்கிளில் வந்து தாலி கட்டிய கதை, புளியம்பழம் பொறுக்கப் போய் அடி வாங்கிய கதை. என் கதையில் இருப்பது ஒரு காலேஜ் கட்டடம். அதை வரைந்தவர் என் அப்பா. வாசல் கல்வெட்டில் அவர் பெயர் கிடையாது. அதில் எனக்குக் குறையும் கிடையாது. என் குறை வேறு.

எங்கள் கள்ளக்குறிச்சி அப்போது டவுன் பஞ்சாயத்துதான். முனிசிபாலிட்டி ஆகிவிடும், ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஊர் ஆவதற்கு முன்பே அப்பாவை மட்டும் பேச்சில் முனிசிபல் இன்ஜினியர் ஆக்கிவிட்டார்கள். யார் வீடு கட்டினாலும் வரைபடத்தில் அவர் கையெழுத்து வேண்டும் என்பதால் கடைத்தெருவில் அவருக்குப் பிளான் சார் என்று பெயர். தெருவை ஒட்டி மூன்றடி விடாமல் வரைந்துகொண்டு வந்தால், வந்தவர் சொந்தக்காரராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். தட்டில் வைத்து எது வந்தாலும், வாழைப்பழம் உட்பட, வாசலோடு போய்விடும். அந்த வாழைப்பழத்துக்காக நான் அழுதிருக்கிறேன்.

வீட்டு முன்னறையில் சாய்வான வரைபலகை ஒன்று இருந்தது. படங்களை அமோனியா பிரிண்டில் நகல் எடுத்துக்கொண்டு வரும் நாளில் வீடு முழுக்க நெடி ஏறி மூக்கு எரியும். அந்தக் காலத்தில் முக்கியமான படங்களை ட்ரேசிங் துணியில்தான் வரைவார்கள். வழவழவென்று நீலம் கலந்த துணி. வேண்டாத படங்களை அம்மா வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்குவாள். கஞ்சியெல்லாம் போய் மல்லுத்துணி மாதிரி மெத்தென்று ஆகிவிடும். அதில் எங்களுக்கு உள்பாவாடை தைப்பாள். மை மட்டும் முழுசாகப் போகாது. வகுப்பில் நான் யாரோ ஒருத்தர் வீட்டுச் சமையலறையை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ப்ளஸ் டூ முடித்திருந்தாள், நல்ல மார்க். ஊரில் பெண்களுக்குக் காலேஜ் கிடையாது. வெளியூர் ஹாஸ்டல் என்று அப்பா பேச்சை எடுத்ததுமே, மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“வயசுப் பொண்ண ஊருவுட்டு ஊரு அனுப்பிட்டு நாம இங்க இன்னா பண்ணிக்கினு இருப்போம்? சின்னசேலத்துல நல்ல எடமா ஒண்ணு வந்துக்கினு இருக்குது.”

“நம்ம ஊர்லயே காலேஜ் வருது மச்சான். நான்தான் பிளான் போட்டுக்கினு இருக்கேன். வூட்ல இருந்தே நடந்து போய்ட்டு வந்துடுவா” என்றார் அப்பா.

“எப்ப வரும்?”

“அடுத்த ஜூன்ல.”

“தைக்குள்ள உறுதியாத் தெரிஞ்சுதுன்னா படிக்கட்டும். இல்லன்னா தையில முடிச்சுடுவோம்.”

முடித்துவிடுவோம் என்றால் கல்யாணத்தை. அப்பா தலையை ஆட்டினார். அக்கா உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மச்சானிடம் ‘என் பொண்ணு படிப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லாமல், அதற்குப் பதிலாக ஒரு கட்டடமே கட்டப் பார்த்தார் மனுஷர்.

கட்டடத்தை ஊர் கட்டிக் கொடுத்தால் காலேஜை கவர்மென்ட் தரும் என்பது பேச்சு. மார்கழியில் கவர்மென்ட்டில் இருந்து ஒரு குழு வந்து பார்க்கும். அவர்கள் கண்ணுக்கு நான்கு சுவரும் தளமும் தெரிய வேண்டும். தெரிந்தால் ஜூனில் காலேஜ். இல்லையென்றால் அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அப்பா ஆபீசில் வரைந்தது போதாது என்று வீட்டிலும் உட்கார்ந்து வரைந்தார். அக்காவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அறைகளின் பெயரையெல்லாம் அவளையே மையில் எழுதச் சொன்னார். வகுப்பறை, முதல்வர் அறை, நூலகம் என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். மை தெறித்துவிடும் என்று நான் மூச்சுவிடக்கூடத் தடை.

“நூலகத்துக்கு ஒரு ஜன்னல் மேக்கால வைங்கப்பா, மல தெரியட்டும்” என்றாள் ஒரு நாள்.

“மேக்கு வெயில் அடிக்கும்மா.”

“அடிச்சா அடிக்கட்டும். சாயங்காலம் யாரு உக்காந்து படிக்கப் போறா, நான்தானே.”

அப்பா ரப்பரை எடுத்து ஒரு சுவரை அழித்தார். அவர் பிளானில் வேறு யார் சொல்லியும் ஒரு கோடு மாறியதாக நான் பார்த்ததில்லை.

கருங்கல் பார்க்க என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் போனவர் எங்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். கல் பார்த்து முடித்ததும் அப்படியே கல்வராயன் மலைமேல் கரியாலூர் வரை போனோம். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டல். மேலே இறங்கியதும் பலாப்பழ வாசனையில் அது இன்னும் கூடியது. அப்பா கீழே சமவெளியைக் காட்டி, “அதோ வெள்ளையா ஒரு புள்ளி தெரியுது பாரு, அதான் நம்ம காலேஜ் வரப்போற எடம்” என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அக்கா தெரிகிறது என்றாள். நானும் தெரிகிறது என்றேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த மலைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்க பொண்ணுங்க கீழ எறங்கி வந்தா ராத்தங்க எடம் இருக்குதுங்களா சாமி?” என்று கேட்டார். பிளானில் அப்படி ஒன்று இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து கட்டடத்தின் பின்பக்கம் ஒரு ஹாஸ்டலைப் புள்ளிக்கோட்டில் வரைந்தார். புள்ளிக்கோடு என்றால் பின்னால் கட்டுவோம் என்று அர்த்தம். இன்றைக்கும் அது புள்ளிக்கோடுதான்.

ஆவணி முடிவதற்குள் சுவர்கள் எழும்பிவிட்டன. மேஸ்திரி கெட்டிக்காரர். பக்கத்துக் கிராமம், வன்னியர். அப்பாவோடு பத்து வருஷப் பழக்கம். சவுக்குக் கம்புகளை முட்டுக்கொடுத்து, பலகை அடித்து, மேலே கம்பியும் கட்டி முடித்துவிட்டார். அந்தக் கம்பு வரிசைக்குள் நுழைந்து ஓடினால் சவுக்குத் தோப்பில் ஓடுவது மாதிரியே இருக்கும். இனி வேண்டியது சிமெண்ட் மட்டும். தளம் போடுவதைப் பாதியில் நிறுத்தக் கூடாது. காலையில் ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் என்றைக்கும் ஒழுகும். அதனால் அத்தனை மூட்டையும் வந்து சேர்ந்த பிறகுதான் கைவைப்பார்கள். அந்த மூட்டைகள் சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் வந்து இறங்கின. லாரி போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்கு முந்தின நாள் மறியல் தொடங்கிவிட்டது.

முதல் இரண்டு நாள் எங்களுக்குக் கொண்டாட்டம். நடுரோட்டில் பாண்டி ஆடினோம். மூன்றாம் நாள் சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் இருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“பேசிட்டேன் சார். நானும் காத்தால அங்கதான் ஒக்காந்துக்கினு இருந்தேன். காலேஜுக்குன்னா வுட்றோம்னு சொல்ட்டாங்க. நம்ம பொண்ணுங்களும்தானே படிக்கப் போவுதுன்னு எழுதியே குடுத்துட்டாங்க.”

பால் வண்டிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் மறியல்காரர்கள் இப்படிச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தை நகர்த்தி வழி விடுவார்கள். கடைத்தெரு இரும்புக்கடை பாய்கூட அப்படி ஒரு சீட்டில்தான் தன் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். நான் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். ரூல் போட்ட நோட்டுத்தாள். காலேஜுக்கு சிமெண்ட் வண்டி, வழி விடவும் என்று எழுதிக் கீழே மூன்று கையெழுத்து.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ரோடு யாருது மேஸ்திரி?”

“கவருமெண்டுதுங்க.”

“சிமெண்டு?”

“அதுவும் கவருமெண்டுதான்.”

“அப்ப இவங்க இன்னா எனக்கு பர்மிஷன் குடுக்கறது? நாளைக்கு எவனாவது கேட்டா, மறியல் பண்றவங்ககிட்ட சீட்டு வாங்கிக்கினு கவர்மெண்டு சிமெண்ட ஓட்டிக்கினு வந்தேன்னு சொல்றதா?”

“வெறும் பேப்பருதானே சார்.”

“என் வேலையே பேப்பருதான் மேஸ்திரி.”

மடிப்புக் கலையாமல் மடித்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார். மேஸ்திரி, “ஐயோ, கொஞ்சம் ரோசன பண்ணுங்க சார், மழ வர்ற மாசம்” என்று வாசல்படியில் நின்று இன்னொரு தடவை கேட்டார். அப்பா அதற்குள் தாலுகா ஆபீசுக்கு மனு எழுத உட்கார்ந்துவிட்டார். போலீஸ் பாதுகாப்போடு லாரியை அழைத்து வர அனுமதி கேட்டு மனு.

அன்றைக்கு எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. வாழைப்பழத்தையே வாங்காதவர், சீட்டை வாங்குவாரா? இப்போது என் தலை நரைத்த பிறகு யோசித்தால் பெருமைக்குப் பின்னால் வேறு சிலதும் தெரிகிறது. பயம் இருந்தது. ‘அவங்க கேக்கறது நியாயம்தான்’ என்று வீட்டுக்குள் சொல்வார், வெளியே வாய் திறக்க மாட்டார். நாங்கள் அவர்கள் சாதி இல்லை. அது எனக்கு அன்று தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். ‘போயும் போயும் அவங்ககிட்ட சீட்டு வாங்கினாரா பிளான் சார்’ என்று ஆபீசில் ஒருத்தர் கேட்டுவிடக் கூடாதே என்ற கூச்சம் சீட்டைத் திருப்பிக் கொடுத்த அந்தக் கையில் இருந்ததா இல்லையா? இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அக்கா அப்போது பின்கட்டில் அம்மாவோடு மாவாட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சேதி என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் லாரி வந்தது. முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள். ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது மறியல்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். போலீசோடு வருகிற வண்டிக்கு வழி கிடையாது என்றார்கள். பேச்சு முற்றி, கல் பறந்து, கண்ணாடி உடைந்து, டிரைவர் கரும்புக் கொல்லைக்குள் ஓடிவிட்டார். போலீஸ்காரர்கள் ஆள் கூட்டிவரப் போனார்கள். திறந்த லாரியில் மூட்டைகள் அப்படியே நின்றன. மத்தியானம் மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

மேஸ்திரி ஓடிவந்து சேதி சொன்னார். அப்பா தாலுகா ஆபீசில் இருந்தார். அம்மா ஒரு நிமிஷம் கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டு, நெல் மூடும் தார்ப்பாயையும் யூரியா சாக்குகளையும் எடுத்து அக்கா தலையில் ஏற்றினாள். பாயும் போர்வையும் என் தலையில். இரண்டு மைலும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. புரட்டாசி மழை உங்களுக்குத் தெரியும், ஆரம்பிக்கும்போதே ஊற்றும்.

அக்கா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறப் போனாள். மறியலில் இருந்த இளவட்டங்கள் ஓடி வந்தார்கள். நான் மேஸ்திரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். அவர்களில் ஒருவன், “ஏறாதீங்க யக்கா, வழுக்கும், நாங்க போட்றோம்” என்று தார்ப்பாயை வாங்கிக்கொண்டான். ஐந்தாறு பேர் மேலே ஏறி, எங்கள் பாயையும் போர்வையையும், தங்கள் துண்டுகளையும்கூட விரித்தார்கள். எதுவும் எட்டவில்லை. ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் நனைந்தது. மூட்டைகளின் கீழே இருந்து சாம்பல் நிறத் தண்ணீர் ரோட்டில் ஓடியது. அக்கா இரண்டு கையாலும் அதைத் தடுப்பவள் மாதிரி குனிந்து நின்றாள்.

கீழே குதித்த பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “முந்தாநாளே சீட்டு எழுதிக் குடுத்தோமேக்கா. வாங்கியிருந்தீங்கன்னா அன்னிக்கே போய்ச் சேந்திருக்குமே. உங்க ஐயாதான் வேணாம்னு திருப்பிட்டாராமே.”

அக்கா மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் கயிற்றை முடிச்சுப் போடுவதிலேயே குறியாக இருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தெரியும் என்று தலையாட்டினேன். அவள் போய், மழையிலேயே, விழுந்து கிடந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்தாள்.

அப்பா சைக்கிளில் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஒரு மூட்டையைக் கிழித்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். ‘சுடுது’ என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரிதான் இருந்தது. இரண்டு நாளில் அத்தனையும் கல்லாகிவிட்டது. சாக்கு மடிப்பு, தையல், காது எல்லாம் அப்படியே பதிந்த கற்கள். மறியல் முடிந்ததும் அந்தப் பக்கத்துச் சனங்கள் வண்டி வைத்துத் தூக்கிப்போய் வாசல்படியாகப் போட்டுக்கொண்டார்கள். அம்மாவும் ஒன்றைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து துணி துவைத்தாள். நான்கைந்து வருஷம் அதில்தான் எங்கள் துணி வெளுத்தது.

மறியல் முடிந்த வாரத்தில் போலீஸ் ஒரு பட்டியலோடு வந்து ஆட்களை அழைத்துப் போனது. லாரி அருகில் நின்றவர் என்று மேஸ்திரி பெயரும் அதில் இருந்தது. அப்பா போய், “அவர் சிமெண்ட காப்பாத்த வந்தவருங்க” என்று சொல்லிப் பார்த்தார். ‘எழுதிக் குடுங்க, பாக்கலாம்’ என்றார்களாம். எழுதிக் கொடுத்தார். மேஸ்திரி திரும்பி வர ஐப்பசி ஆகிவிட்டது. அடுத்த சிமெண்டுக்கும் அப்பா எழுதிப் போட்டார். அதற்குப் பதில் வரவேயில்லை.

மார்கழியில் ஒரு காரில் மூன்று பேர் வந்தார்கள். சவுக்குக் கம்புகளுக்கு நடுவே உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தார்கள். பலகை இடுக்கு வழியாக ஆகாயம் தெரிந்தது. கட்டியிருந்த கம்பியெல்லாம் துருப்பிடித்து, சுவரில் செம்மண் நிறத்தில் வழிந்திருந்தது. அப்பா படத்தை விரித்து, இது நூலகம், இது முதல்வர் அறை என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். அக்கா பிளாஸ்கில் டீ கொண்டுவந்து ஊற்றினாள். அவர்களில் பெரியவர், “எழுத்து ரொம்ப நல்லா இருக்கே, யார் எழுதினது?” என்று கேட்டார். அப்பா அக்காவைக் கைகாட்டினார். அவர் சிரித்து, “நல்லா படிம்மா” என்றார். பிறகு காரில் ஏறிப்போய், மேல்தளம் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்.

தையில் கல்யாணம். மாமா சொன்ன சொல் தவறவில்லை, சின்னசேலத்து மாப்பிள்ளை. மணிலாக்கொட்டை வியாபாரம், நல்ல மனுஷர், அக்காவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அதனால்தானோ என்னவோ அவள் கஷ்டத்தைச் சொல்லி அழ ஒரு ஆள்கூட இல்லாமல் போனது. தாலி ஏறும்போது அப்பா பந்தலில் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தால் சமையல் கொட்டகைக்கு முட்டுக்கொடுத்த கம்பு ஆடுகிறது என்று இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்தச் சுவர்கள் எதற்கெல்லாமோ பயன்பட்டன. கம்பு, பலகையெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதல்வர் அறையில் ஆடு கட்டினார்கள். வகுப்பறைத் தரையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போட்டார்கள். எலெக்‌ஷனுக்கு வந்த போலீஸ் கூடாரத்துணியைக் கட்டிக் குடியிருந்தது. அப்பா ஆபீசுக்குப் போக அந்த வழிதான் குறுக்கு வழி. அவர் சுற்றிக்கொண்டுதான் போவார்.

எட்டு வருஷம் கழித்து வேறொரு காண்ட்ராக்டர் வந்து, துருப்பிடித்த கம்பியை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தளம் போட்டார். அந்த ஜூனில் காலேஜ் வந்தது. நான் அப்போதுதான் ப்ளஸ் டூ முடித்திருந்தேன். முதல் பேட்ச்சில் எனக்கு இடம் கிடைத்தது. அட்மிஷன் சீட்டை வாங்கிய கையோடு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சின்னசேலம் பஸ் ஏறினார். அக்காவிடம் நேரில்தான் சொல்ல வேண்டுமாம்.

அக்காவுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். என்னைக் கட்டிக்கொண்டு, “போடி, நீயாச்சும் போ” என்று சிரித்தாள். நிஜமான சிரிப்புதான், நான் நன்றாகப் பார்த்தேன். காபி கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மடியில் சின்னவன். அவன் தலையைக் கோதிக்கொண்டே, காய்கறி விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

“யப்பா, அன்னிக்கு அந்தச் சீட்ட நீங்க வாங்கியிருந்தா உங்கள இன்னா பண்ணியிருப்பாங்க?”

எட்டு வருஷத்தில் அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. நான் அப்பா முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். அவர் மழுப்புவார், அல்லது கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ ஆபீசில் ஒரு ஃபைலைப் பற்றிக் கேட்ட மாதிரி நிதானமாக யோசித்தார்.

“மெமோ குடுத்திருப்பாங்க” என்றார். “ஜாஸ்தி போனா ஒரு இன்க்ரிமென்ட் கட் பண்ணியிருப்பாங்க.”

அக்கா கோதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“அவ்ளோதானாப்பா?”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவ்ளோதாம்மா” என்றார்.